ஓர் எண் ஒருவருக்கே

சங்கத்தில் பணம் கட்டியவுடன் நம் கையில் ஒரு ரசீது தரப்படுகிறது. அதில் நம் பெயர் சரியாக இருக்கிறதா, தொகை சரியாக இருக்கிறதா, தேதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறோம். மேல் மூலையில் அச்சாகியிருக்கும் எண்ணை மட்டும் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. ஆயினும் அந்தத் தாளில் உள்ளவற்றுள் சங்கக் கணக்கு முதன்மையாக நம்பியிருப்பது அவ்வெண்ணையே ஆகும்.

ஒரு நெசவாளர் தெருவில் முருகேசன் என்னும் பெயருடையோர் நால்வர் இருத்தல் வியப்பன்று. அவர்களுள் இருவருக்குத் தந்தை பெயரும் ஒன்றாக இருத்தல் கூடும். அவ்விருவரும் ஒரே நாளில் ஒரே தொகையைக் கட்டுதலும் உண்டு. பெயரும் தேதியும் தொகையும் ஒத்துப்போன இடத்தில், ஒருவர் கணக்கை மற்றொருவர் கணக்கினின்று பிரித்துக் காட்ட எஞ்சி நிற்பது எண் ஒன்றே. அந்த எண்ணும் இருவருக்கு ஒன்றாகிவிட்டால் கணக்கு என்னவாகும்?

முன்னாளில் இந்த அச்சம் எழவில்லை. இன்று பல சங்கங்களில் பேரேடு கணிப்பொறிக்கு மாறிவிட்டது. ஆதலின், எண்ணை யார் தருகிறார், எங்ஙனம் தருகிறார், பிழை எங்கே நுழைகிறது, அதைத் தடுக்கும் வழி யாது என்பவற்றை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம். இது கணிப்பொறி வல்லுநர்க்கு மட்டும் உரிய செய்தி என்று ஒதுக்குதல் ஆகாது. கணக்கு நம்முடையது, பிழை நேர்ந்தால் நட்டமும் நம்முடையதே.

அச்சிட்ட ரசீதுப் புத்தகம்

பழைய ரசீதுப் புத்தகத்தை நினைவுகூர்வோம். அச்சகத்தில் எண் அடிக்கும் சிறு பொறி ஒன்று உண்டு. அதை ஒரு முறை அழுத்தினால் தாளில் ஓர் எண் பதியும். அதே அழுத்தத்தில் பொறியின் சக்கரமும் அடுத்த எண்ணுக்கு நகர்ந்துவிடும். பதிதலும் நகர்தலும் இரண்டு செயல்கள் அல்ல, ஒரே செயல். இடையில் வேறொருவர் புகுவதற்கு அங்கே இடமில்லை.

இப்படி எண்ணிட்ட தாள்களே சங்கத்திற்கு வந்தன. எழுத்தர் எண்ணைத் தாமாகத் தெரிந்தெடுக்க வேண்டியதில்லை. மேலே இருக்கும் தாளை எடுத்து எழுதினார். அடிக்கட்டை புத்தகத்தில் நின்றது. ஒரு தாள் மை கொட்டிக் கெட்டுப்போனால், அதன் குறுக்கே 'ரத்து' என்று எழுதிப் புத்தகத்திலேயே வைத்தார். இரண்டு முகப்புகளில் வசூல் நடந்தால், இரண்டு புத்தகங்கள் கொடுக்கப்பட்டன. ஒன்றில் 1 முதல் 100 வரையிலும், மற்றொன்றில் 101 முதல் 200 வரையிலும் எண்கள் இருந்தன. ஆகவே இருவர் ஒரே எண்ணைத் தருவது இயலாததாயிற்று.

இம்முறையில் மூன்று நெறிகள் அடங்கியிருந்தன. எண்ணைத் தருவது ஒரே கை. எடுத்தலும் நகர்தலும் ஒரே செயல். ஒரு முறை வெளிவந்த எண் மீண்டும் வேறொருவருக்கு வருவதில்லை. கணிப்பொறியிலும் நாம் வேண்டுவது இம்மூன்றையுமே.

கணிப்பொறிப் பேரேடு

2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், நாட்டிலுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறி மயமாக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இத்திட்டத்திற்கு 2,516 கோடி ரூபாய் மதிப்பிடப்பட்டது. இதற்கு முன்னரே தாமாகக் கணிப்பொறி வைத்துக்கொண்ட நெசவாளர் சங்கங்களும் விவசாயிகள் சங்கங்களும் உண்டு. இவற்றில் கணக்கு பெரும்பாலும் 'உறவுநிலைத் தரவுத்தளம்' என்னும் அமைப்பில் வைக்கப்பெறுகிறது.

பெயர் பெரிதாயினும் பொருள் எளிது. எல்லாவற்றையும் ஒரே பேரேட்டில் எழுதாமல், தனித்தனி அட்டவணைகளாக எழுதி வைப்பதே இம்முறை. அங்கத்தினர் பெயர்கள் ஓர் அட்டவணையில் இருக்கும். நூல் வழங்கிய விவரம் மற்றொன்றில் இருக்கும். துணி ஒப்படைத்தது வேறொன்றில், கூலி கொடுத்தது இன்னொன்றில் இருக்கும். ஐ.பி.எம். நிறுவனத்தில் ஆராய்ச்சியாளராக இருந்த எட்கார் காட் என்பார் 1970-ஆம் ஆண்டில் இம்முறையின் கோட்பாட்டை வெளியிட்டார். இன்று வங்கிகளும் ரயில்வேயும் அலுவலகங்களும் இதனையே ஆள்கின்றன.

இந்த அட்டவணைகளை ஒன்றோடொன்று இணைப்பது எது? பாவின் அறுந்த இழைகளை முடிச்சிட்டு இணைக்கிறோம் அல்லவா? அதுபோல இங்கே முடிச்சாக நிற்பது எண். நூல் வழங்கு சீட்டில் அங்கத்தினர் எண் இருக்கும். கூலிப் பதிவில் சீட்டு எண் இருக்கும். பொறி பெயரைப் பார்த்து இணைப்பதில்லை. எண்ணைப் பார்த்தே இணைக்கிறது. எழுத்தர் ஒருவர் முகம் பார்த்து, "இது மேலத் தெரு முருகேசன் சீட்டு" என்று உணர்ந்துகொள்வார். பொறிக்கு முகம் தெரியாது. எண் தவறினால் அது தயங்காமல் தவறாகவே முடிச்சிடும்.

கடைசி எண்ணோடு ஒன்று

கணிப்பொறி நிரல் எழுதப் புதிதாக முற்படுவோர் பலர் எண் தருவதற்கு ஓர் எளிய வழியைக் கைக்கொள்கின்றனர். அட்டவணையில் இதுவரை உள்ள எண்களுள் பெரியது எது என்று பார்க்கின்றனர். அதனோடு ஒன்றைக் கூட்டுகின்றனர். வந்த எண்ணைப் புதிய பதிவுக்கு இடுகின்றனர். பார்வைக்கு இதில் குற்றம் எதுவும் தோன்றாது. ஒரே முகப்பில் ஒரே எழுத்தர் வேலை செய்யும் வரையில் இது பிழையின்றி நடக்கும். சோதித்துப் பார்க்கும் நாளில் ஒருவரே சோதிப்பதால் அன்றும் பிழை தென்படாது.

நூல் வழங்கும் நாளை எண்ணிப் பாருங்கள். வாசலில் ஐம்பது பேர் நிற்கின்றனர். இரண்டு முகப்புகளில் இரண்டு எழுத்தர்கள் பதிவு செய்கின்றனர். அட்டவணையில் கடைசி எண் 1,416. முதல் எழுத்தரின் பொறி 1,416 என்று படிக்கிறது. அது புதிய பதிவை எழுதி முடிப்பதற்குள், ஒரு கணத்தில், இரண்டாம் எழுத்தரின் பொறியும் படிக்கிறது. அதற்கும் 1,416 என்றே தெரிகிறது. ஏனெனில் முதற் பதிவு இன்னும் நிலைபெறவில்லை. இரண்டும் ஒன்றைக் கூட்டுகின்றன. இரண்டும் 1,417 என்று எழுதுகின்றன. இரண்டு நெசவாளர்கள் ஒரே எண்ணுள்ள சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு தத்தம் தறிக்குச் செல்கின்றனர்.

பார்த்தல் ஒரு செயலாகவும் எழுதுதல் மற்றொரு செயலாகவும் பிரிந்து நிற்பதே இங்குக் குற்றம். அச்சகப் பொறியில் அவை ஒன்றாக இருந்தன. இங்கே அவற்றின் நடுவில் ஓர் இடுக்கு இருக்கிறது. இடுக்கு மிகச் சிறியது என்று ஆறுதல் கொள்ளலாகாது. கூட்டம் மிகுந்த நாளில்தான் இருவர் அதில் ஒருங்கே நுழைவர். கூட்டம் மிகுந்த நாளில்தான் பிழையைக் கவனிக்க யாருக்கும் நேரமிராது.

இவ்வழியில் மற்றொரு குறையும் உண்டு. கடைசிப் பதிவை யாரேனும் அழித்துவிட்டால், அழிந்த எண்ணே அடுத்தவருக்குப் போகும். முன்னவர் கையில் அந்த எண்ணுள்ள ரசீது இருக்க, பின்னவருக்கும் அதே எண் வந்து சேரும்.

ஒரு சங்கத்தில் நேர்ந்தது

சில ஆண்டுகளுக்கு முன், ஆய்வின் பொருட்டு நாம் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில் ஒரு முதிய நெசவாளர் திண்ணையில் அமர்ந்திருந்தார். அவருக்கு மூன்று வாரக் கூலி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அவர் 15 கிலோ நூல் வாங்கி 6 கிலோவுக்கு மட்டும் துணி கொடுத்தார் என்று கணிப்பொறி காட்டிற்று. மீதி 9 கிலோ நூலை வெளியில் விற்றுவிட்டார் என்று தெருவில் பேச்சு எழுந்துவிட்டது. நாற்பது ஆண்டுகள் தறியில் உட்கார்ந்தவர் அவர். "கூலி வராவிட்டாலும் பொறுத்துக்கொள்வேன், ஐயா. நூல் திருடியவன் என்ற பெயரோடு தெருவில் நடக்க முடியவில்லை" என்றார்.

அவர் தம் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தார். அதில் 6 கிலோ என்றே இருந்தது. அதே எண்ணில் வேறு பதிவு உண்டா என்று தேடியபோது, அதே காலையில் மற்றொருவருக்கு 9 கிலோ வழங்கிய பதிவு ஒன்று அகப்பட்டது. பொறி சீட்டு எண்ணைக் கொண்டு தேடி, இரண்டு பதிவுகளையும் கூட்டி, 15 கிலோ என்று இருவர் கணக்கிலும் ஏற்றியிருந்தது. துணியோ அவரவர் ஒப்படைத்த அளவே அவரவர் பெயரில் ஏறிற்று. ஆகவே இருவருமே நூல் பாக்கிக்காரர்கள் ஆயினர்.

இருப்புப் பதிவேட்டைப் புரட்டினோம். அவ்விருவருக்குமாக அன்று கிடங்கிலிருந்து வெளிச்சென்ற நூல் 15 கிலோ. கணிப்பொறிக் கணக்கின்படி அது 30 கிலோ ஆகவேண்டும். கிடங்கில் இல்லாத நூலை எவரும் வாங்கியிருக்க இயலாது அல்லவா? பிழை விளங்கிவிட்டது. கூலி வழங்கப்பட்டது. ஆனால் மூன்று வாரம் அவர் பட்ட அவமானத்தை எந்தப் பதிவேட்டில் நேர்செய்வது? அங்கே எவரும் திருடவில்லை. எவரும் பொய்யாக எழுதவுமில்லை. எண் தரும் முறை ஒன்றுதான் பழுதாக இருந்தது.

முதற் காவல்

இத்தகைய கேடு நேராதபடி செய்ய வேண்டிய முதற் காரியம், அட்டவணைக்கே ஒரு கட்டளை இடுவதாகும். 'இந்தப் பத்தியில் ஒரு முறை வந்த எண் மறுமுறை வரலாகாது' என்று தரவுத்தளத்தில் விதித்துவிடலாம். இதனைத் தனித்துவக் கட்டுப்பாடு என்பர். அதன்பின் இரண்டாம் 1,417 வந்தால் தரவுத்தளம் அதை ஏற்காமல் திருப்பி அனுப்பிவிடும்.

நிரல் எத்தனை கவனமாக எழுதப்பட்டிருந்தாலும் இக்கட்டுப்பாடு கட்டாயம் வேண்டும். நல்ல காவற்காரர் இருக்கிறார் என்பதற்காகக் கிடங்கின் கதவை எவரும் பூட்டாமல் விடுவதில்லை. ஆயினும் இது காவலேயன்றி எண் தரும் முறை ஆகாது. திருப்பி அனுப்பப்பட்ட எழுத்தருக்கு வேறு எண் கிடைக்க வேண்டுமே! அதற்கான வழியையும் பார்ப்போம்.

எண் தரும் ஒரே கை

அச்சகத்து எண் பொறியைப் போன்ற ஒன்றைத் தரவுத்தளமே தன்னுள் வைத்திருக்கிறது. இதனை 'சீக்வென்ஸ்' என்பர். நாம் எண்தொடர் என்று கூறலாம். தரவுத்தள மொழிக்கான 2003-ஆம் ஆண்டு உலகத் தர வரையறையில் இது இடம்பெற்றது. ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ் முதலிய மென்பொருள்களில் இது உண்டு. மை-எஸ்.கியூ.எல். என்னும் மென்பொருளில் 'ஆட்டோ இன்கிரிமென்ட்' என்ற பெயரில் இதையொத்த வசதி இருக்கிறது.

நிரல் எண்தொடரிடம் 'அடுத்த எண் தருக' என்று கேட்கிறது. எண்தொடர் ஓர் எண்ணைத் தந்து, அந்த நொடியிலேயே தானும் நகர்ந்துவிடுகிறது. ஒரே கணத்தில் பத்து முகப்புகள் கேட்டாலும் பத்து வெவ்வேறு எண்களே வரும். அட்டவணையை எவரும் பார்க்க வேண்டியதில்லை, கூட்டவும் வேண்டியதில்லை. பார்த்தலுக்கும் எழுதுதலுக்கும் நடுவில் இருந்த இடுக்கு இங்கே அடைபட்டுவிடுகிறது.

இதற்கு ஓர் இயல்பு உண்டு. எண்தொடர் கொடுத்த எண்ணைத் திரும்ப வாங்கிக்கொள்வதில்லை. 1,418 என்ற எண்ணைப் பெற்ற எழுத்தர் பதிவை முடிக்குமுன் மின்சாரம் நின்றால், 1,418 வீணாகும். அடுத்தவர் 1,419 பெறுவார். இது சோம்பலால் வந்த குறையன்று. வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. திரும்ப வாங்குவதென்றால், முதல்வர் முடித்தாரா இல்லையா என்று தெரியும் வரையில் மற்றவர் அனைவரும் காத்து நிற்க நேரிடும்.

மேலும், வேகத்தின் பொருட்டுச் சில மென்பொருள்கள் எண்களைக் கற்றையாக முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்கின்றன. ஆரக்கிளில், வேறு விதமாகச் சொல்லாவிட்டால், ஒரு கற்றைக்கு 20 எண்கள். பொறி திடீரென நின்றால் கையிலிருந்த கற்றை தொலையும். எஸ்.கியூ.எல். சர்வர் என்னும் மென்பொருளில், 2012-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், எதிர்பாராமல் நின்று எழுந்தபின் எண் ஏறத்தாழ ஆயிரம் தாண்டிப் போவதைக் கண்டு திகைத்தவர் பலர். அங்கே ஆயிரம் பதிவுகள் களவு போகவில்லை; ஒரு கற்றை எண்கள் மட்டுமே பயன்படாமற் போயின.

விடுபட்ட எண் குற்றமாகுமா?

இங்கே தணிக்கையாளருக்கும் கணிப்பொறியாளருக்கும் வழக்கு எழுகிறது. ரசீது வரிசையில் ஓர் எண் இல்லையென்றால், அந்த ரசீதுக்குப் பணம் வாங்கி மறைத்துவிட்டனரோ என்று ஐயுறுவது தணிக்கையாளரின் கடமை. விடுபடுதல் இயற்கை என்பார் கணிப்பொறியாளர். இருவர் சொல்வதும் உண்மையே. நாம் இருவகை எண்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் வழக்கு எழுகிறது.

முதல் வகை, அடையாள எண். ஒரு பதிவை மற்றொரு பதிவினின்று பிரித்தறிய இது பயன்படும். இது எவருக்கும் ஒத்திராமல் இருந்தால் போதும். இடையில் எண்கள் விடுபடுவதால் கேடில்லை. அங்கத்தினர் எண் இவ்வகையைச் சேர்ந்தது. 812-ஆம் எண் அங்கத்தினர் காலமானபின் அந்த எண்ணைப் புதியவருக்குத் தருவதில்லை. கடைசி அங்கத்தினர் எண் 1,250 என்பதால் சங்கத்தில் 1,250 பேர் இருக்கின்றனர் என்று எவரும் கொள்வதுமில்லை. இவ்வகைக்கு எண்தொடரே தக்கது.

இரண்டாம் வகை, ஆவண எண். ரசீது, வவுச்சர், விற்பனைப் பில் ஆகியவற்றில் அச்சாவது இது. இது ஒத்திராமல் இருப்பதோடு தொடர்ச்சியாகவும் இருத்தல் வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மத்திய சரக்கு சேவை வரி விதிகளில் 46-ஆம் விதி, விற்பனைப் பில்லுக்குத் தொடர்ச்சியான வரிசை எண் வேண்டும் என்றும், அது 16 எழுத்துகளுக்கு மிகாமல் ஒரு நிதியாண்டில் தனித்ததாக இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. ஜி.எஸ்.டி.ஆர்.-1 அறிக்கையிலும், வழங்கிய பில்களின் முதல் எண், கடைசி எண், ரத்தானவை எத்தனை என்று காட்டும் பகுதி உண்டு. ஆகவே இவ்வகைக்கு எண்தொடர் ஒன்றே போதாது.

இடைவெளியில்லா எண்

தொடர்ச்சியான எண்ணுக்கு வழி இதுவாகும். தரவுத்தளத்தில் ஒரு சிறு அட்டவணை வைத்து, ஒவ்வொரு ரசீது வரிசைக்கும் நடப்பு எண்ணை அதில் எழுத வேண்டும். ரசீது போடும்போது 'நடப்பு எண்ணோடு ஒன்றைக் கூட்டி, கூட்டிய எண்ணைத் தருக' என்று ஒரே கட்டளையாக இடவேண்டும். அக்கட்டளை நடந்தவுடன் அந்த இடம் பூட்டப்படுகிறது. முதல் எழுத்தரின் பதிவு முடியும் வரையில் இரண்டாம் எழுத்தரின் பொறி வாயிலில் நிற்கும்.

எண்ணைக் கூட்டுவதும் ரசீதைப் பதிவதும் ஒரே 'டிரான்ஸாக்ஷன்' ஆதல் வேண்டும். டிரான்ஸாக்ஷன் என்பது, முழுவதும் நிலைபெறும் அல்லது முழுவதும் நீங்கிவிடும் பதிவுகளின் தொகுதி. நடுவில் மின்சாரம் நின்றால் ரசீதும் பதியாது, நடப்பு எண்ணும் பழைய நிலைக்கே திரும்பும். அடுத்தவருக்கு அதே எண் கிடைக்கும். ஆகவே இடைவெளி விழாது. இருவருக்கு ஓர் எண்ணும் வராது. ஆனால் கடைசி எண்ணோடு ஒன்றைக் கூட்டும் பழைய வழியை வெறுமனே டிரான்ஸாக்ஷனுக்குள் வைத்துவிட்டால் போதும் என்று எண்ணிவிடலாகாது. வழக்கமான அமைப்பில், படிப்பவரை டிரான்ஸாக்ஷன் தடுப்பதில்லை. நடப்பு எண்ணைப் பூட்டுவதே காவலாகும்.

இதற்கு விலை உண்டு. ஒருவர் முடிக்கும் வரையில் மற்றவர் காத்திருக்க வேண்டும். ஆகவே பெயர், தொகை எல்லாம் எழுதிச் சரிபார்த்த பின், இறுதியில்தான் எண்ணைக் கேட்க வேண்டும். எண்ணை எடுத்துவிட்டு எழுத்தர் தேநீர் அருந்தப் போனால் வாசலில் உள்ளோர் அனைவரும் நிற்க நேரிடும். காத்திருப்பு பெரிதானால் முகப்பு தோறும் தனி வரிசை வைக்கலாம். ஒன்றுக்கு அ/1, அ/2 என்றும், மற்றொன்றுக்கு ஆ/1, ஆ/2 என்றும் எண்கள் ஓடும். மேற்சொன்ன 46-ஆம் விதியும் பில் எண் ஒரு வரிசையிலோ பல வரிசைகளிலோ இருக்கலாம் என்கிறது. இது நம் பழைய இரட்டை ரசீதுப் புத்தகமே அன்றோ?

இன்னும் இரண்டு செய்திகள். பதிவு நிலைபெற்ற பின்னரே ரசீதை அச்சிட வேண்டும். முன்னரே அச்சிட்டுப் பின்னர் பதிவு நீங்கினால், தாள் அங்கத்தினர் கையிலும் எண் அடுத்தவர் கணக்கிலும் போய்விடும். தவறான ரசீதை அழிக்கவும் கூடாது. 'ரத்து' என்ற குறியோடும் காரணத்தோடும் அப்பதிவு அட்டவணையிலேயே நிற்க வேண்டும்.

மூன்று கவனங்கள்

முறை சரியாக அமைந்த சங்கத்திலும் மூன்று தருணங்களில் ஆபத்து வருகிறது.

முதலாவது, பழைய பேரேட்டைக் கணிப்பொறியில் ஏற்றும் காலம். பழைய அங்கத்தினர்களை அவரவர் எண்ணோடு 1 முதல் 1,250 வரையில் எழுத்தர் ஏற்றுகிறார். போஸ்ட்கிரெஸ் போன்ற மென்பொருளில், இப்படி நாமே இட்ட எண்களை எண்தொடர் அறிவதில்லை; அது 1-லேயே நிற்கும். முதற் புதிய அங்கத்தினர் வந்ததும் 1 என்ற எண்ணைத் தரும். தனித்துவக் கட்டுப்பாடு இருந்தால் பதிவு மறுக்கப்படும். இல்லாவிட்டால் சங்கத்தின் முதல் அங்கத்தினரோடு புதியவர் கணக்கு கலந்துவிடும். ஆகவே ஏற்றி முடித்ததும் எண்தொடரைக் கடைசி எண்ணுக்கு நகர்த்தி வைக்க வேண்டும்.

இரண்டாவது, பொறி கெட்டுக் காப்பு நகலைத் திரும்ப ஏற்றும் காலம். இரவு எடுத்த நகலில் நடப்பு எண் 2,300. மறுநாள் மாலைக்குள் 2,340 வரையில் ரசீது வழங்கியாயிற்று. அப்போது பொறி பழுதாகி, இரவு நகலை ஏற்றினால், கணக்கு மீண்டும் 2,300-இல் வந்து நிற்கும். அடுத்த ரசீது 2,301 என்று அச்சாகும்; அந்த எண்ணோ முன்னமே ஓர் அங்கத்தினர் கையில் இருக்கிறது. இங்கே கட்டுப்பாடும் காப்பாற்றாது. ஏனெனில் அன்றைய பதிவுகளே பொறியில் இல்லை. எனவே முகப்பைத் திறக்குமுன், அன்றைய தாள்களைத் திரட்டிப் பழைய எண்ணோடு மறுபதிவு செய்து, நடப்பு எண்ணை 2,340-க்குக் கொண்டுவர வேண்டும். இதைக் குழுவின் தீர்மானப் புத்தகத்திலும் எழுதி வைத்தல் நலம்.

பொறியை நிறுத்தி மீண்டும் இயக்குவதிலும் முன்பு ஒரு பொல்லாங்கு இருந்தது. மை-எஸ்.கியூ.எல். 5.7-ஆம் பதிப்பு வரையில் நடப்பு எண் நினைவகத்தில் மட்டும் இருந்தது. நின்று எழுந்ததும், அட்டவணையின் கடைசி எண்ணைப் பார்த்தே அது தொடங்கும். கடைசிப் பதிவுகள் அழிந்திருந்தால் பழைய எண்ணே மீண்டும் வரும். 2018-ஆம் ஆண்டில் வெளியான 8.0 பதிப்பில் இது திருத்தப்பட்டது. பழைய பதிப்பைக் கைவிடாத சங்கங்கள் இதை நினைவிற்கொள்க.

மூன்றாவது, நிதியாண்டு மாறும் காலம். ஏப்ரல் முதல் நாள் ரசீது எண்ணை மீண்டும் 1-இலிருந்து தொடங்குவது வழக்கம். அப்போது சென்ற ஆண்டின் 1-உம் இந்த ஆண்டின் 1-உம் மோதும். ஆண்டு, வரிசை, எண் ஆகிய மூன்றும் சேர்ந்தே தனித்துவமாக இருக்க வேண்டும் என்று கட்டுப்பாட்டை விதிக்க வேண்டும். ரசீதின் முகத்திலும் ஆண்டு அச்சாக வேண்டும். அட்டவணைகளை இணைக்கும் அடையாள எண்ணை மட்டும் எந்த ஆண்டிலும் திரும்பத் தொடங்கலாகாது.

அங்கத்தினர் கேட்க வேண்டியவை

நிரலை எழுதுவது நம் வேலையன்று. கேள்வி கேட்பது நம் வேலை. அடுத்த பேரவைக் கூட்டத்தில் செயலாளரிடம் இவற்றைக் கேளுங்கள்:

1. இரண்டு முகப்புகளில் ஒரே கணத்தில் ரசீது போட்டுச் சோதித்துப் பார்த்ததுண்டா?

2. ஓர் எண் இரு முறை வந்தால் தரவுத்தளமே மறுக்குமா? அல்லது எழுத்தரின் கவனத்தையே நம்பியிருக்கிறோமா?

3. ரத்தான ரசீது அழிக்கப்படுகிறதா, குறியிட்டு வைக்கப்படுகிறதா?

4. வரிசையில் விடுபட்ட எண் உண்டா? உண்டெனில் காரணம் எழுதப்பட்டுள்ளதா?

5. காப்பு நகலைத் திரும்ப ஏற்றியபின் நடப்பு எண்ணைச் சரிபார்ப்பவர் யார்?

இவற்றிற்கு விடை தெரியாத செயலாளரைக் கடிந்துகொள்ள வேண்டா. மென்பொருள் தந்தவரிடம் எழுத்து மூலம் கேட்டு, அடுத்த கூட்டத்தில் விடை சொல்லும்படி வேண்டிக்கொள்ளுங்கள். கேள்வி எழுந்தது என்பதே பாதிக் காவல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரசீதைப் பெட்டியில் வையுங்கள். எண் தெளிவாக அச்சாகியிருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். முன்சொன்ன நெசவாளரைக் காப்பாற்றியவை இரண்டு: அவர் மடித்து வைத்திருந்த சிறு சீட்டும், கிடங்கின் இருப்புப் பதிவேடும். பொறியின் கணக்கை ஒத்துப்பார்க்கப் பொறிக்கு வெளியே ஒரு சாட்சி எந்நாளும் வேண்டும்.

கூட்டுறவில் ஒவ்வொருவர் பங்கும் தனி, சேர்ந்த பலன் பொது. ஒருவர் உழைப்பு மற்றொருவர் பெயரில் ஏறாமலும், ஒருவர் கடன் மற்றொருவர் தலையில் விழாமலும் காக்க, சங்கம் ஒவ்வொருவருக்கும் தரும் எண் அவருக்கே உரியதாக இருக்க வேண்டும்.